கொல்லையில ராக் கார்டன் போட்டுக் குடுத்த டீம்: வெயிலும் ஃபெஞ்சல் புயல் மழையும் பார்த்த பிறகு எழுதுற ரிவ்யூ

கடலூர், பாண்டி பக்கம் வீட்டுக் கொல்லையில ராக் கார்டன் போடலாம்னு யோசிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். எங்களுக்கு வேலை செஞ்சது பாண்டி–திண்டிவனம் ரோட்டுல நர்சரி வச்சிருக்க ஒரு சின்ன டீம். ஓனர், ஒரு மேஸ்திரி, நாலஞ்சு பசங்க, அவ்ளோதான். குறையும் சேர்த்து எழுதப் போறதால பேர் போடல, சின்னதா தொழில் பண்றவங்க பொழப்பு கெட வேணாம். மார்க்கு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். மண்ணுக்கு மேல கண்ணுக்குத் தெரியிற வேலைக்கு அஞ்சுக்கு நாலு, மண்ணுக்குக் கீழ மறைஞ்சு போன வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, பில்லு போடுற விதத்துக்கு ரெண்டரை.

எங்க வீடு செம்மண்டலம் பக்கம். கொல்லை 22க்கு 14 அடி, மேல பாத்தா மணலா இருக்கும், ஒரு அடி தோண்டினா களிமண்ணு வந்துடும். நம்ம ஊர் மழையப் பத்தி சொல்ல வேண்டியதில்ல, வருஷத்துக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழையாவே கொட்டித் தீர்த்துடுது. மீதி மாசம் எல்லாம் உப்புக்காத்தும் வெயிலும்தான். ராக் கார்டனுக்கு வர்ற செடிங்க வெயிலுக்கு அசராது, காத்துக்கும் அசராது, வேர்ல ரெண்டு மூணு நாள் தண்ணி நின்னா மட்டும் அழுகிப் போயிடும். அதனால இங்க இந்த வேலைய யார்கிட்ட குடுக்கறதா இருந்தாலும் முதல்ல பாக்க வேண்டியது கல்லு இல்ல, தண்ணி எந்தப் பக்கமா வெளிய போகப்போகுதுன்னுதான்.

இவங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் போன்ல ஃபோட்டோ காட்டினாரு, எல்லாம் சிமெண்ட்ல பூசி பெயிண்ட் அடிச்ச கல்லு, கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மேல வெள்ளக் கூழாங்கல் கொட்டி நடுவுல நாலு பனை வகை. மழைக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு "ஒன்னும் ஆகாது மேடம்"னு மட்டும் பதில் வந்துச்சு. இன்னொருத்தர் கல்மரத் துண்டு வாங்கித் தரேன், நடுவுல வச்சா அப்படி ஒரு லுக்கு வரும்னாரு. திருவக்கரையில இருக்க கல்மரம் ரெண்டு கோடி வருஷம் பழசு, ஜியாலஜிகல் சர்வே தேசியப் புவியியல் சின்னமா பாதுகாத்து வச்சிருக்க இடம் அது. நம்ம கடலூர் மணற்கல் பாறையிலதான் அந்த மரமெல்லாம் புதைஞ்சு கல்லாச்சு. அந்த மாதிரி ஒன்ன எவனாச்சும் பேத்து எடுத்துட்டு வந்து நம்ம கொல்லையில வைக்கறதா, எனக்குக் கேட்டதுமே கோவம் வந்துடுச்சு, அன்னிக்கே வேணாம்னு அனுப்பிட்டோம். உங்ககிட்ட யாராச்சும் இப்படி விக்க வந்தா வாங்காதீங்க, தயவுசெஞ்சு.

ராக் கார்டன்னு சொன்னதும் நிறைய பேர் சண்டிகர் மாதிரியான்னு கேக்கறாங்க. அது வேற. நேக் சந்த்ங்கறவரு 1957ல யாருக்கும் தெரியாம ஆரம்பிச்சு, உடைஞ்ச வளையல், ஓடு, பீங்கான எல்லாம் வச்சு பொம்மையும் சுவரும் பண்ணிக்கிட்டே வந்து, 1976ல மக்களுக்குத் திறந்து விட்டது. நான் சொல்றது மலையடிவாரத்துல பாறை இடுக்குல தானா செடி முளைச்சிருக்குமே அந்த மாதிரி, செஞ்சி பக்கம் பஸ்ல போனா ஜன்னல்லயே பாக்கலாம்.

இந்த டீம் எனக்குப் பிடிச்சுப் போனது முதல் நாளே. மேஸ்திரி வந்தாரு, டேப்பு எடுக்கல, ஃபோட்டோ காட்டல, கடப்பாரை ஒன்னு கேட்டு வாங்கி கொல்லையில நாலு இடத்துல ஒரு அடிக்குக் குழி போட்டாரு, ஒவ்வொன்னுலயும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டு டீ குடிக்க உக்காந்துட்டாரு. டீ குடிச்சு, வெத்தல போட்டு, எங்க அத்தைகிட்ட ஊர்க் கதையெல்லாம் பேசி முடிச்சப்பவும் ரெண்டு குழியில தண்ணி அப்படியே நின்னுச்சு. "இங்க பள்ளம் எடுத்துப் போட்டா தொட்டி ஆயிடும்மா, மேடு கட்டித்தான் போடணும். கல்லுக்கு ஆவுற செலவுல பாதி கீழ போவும், அதுக்கு சம்மதம்னா சொல்லு" அப்படின்னாரு. அதுக்கப்புறம் நான் வேற யாரையும் கூப்பிடல.

மேடு கட்டுறதுன்னா மண்ணக் குவிக்கறது இல்ல. முதல்ல மேல்மண்ண எடுத்துட்டு, களி தெரியிற மட்டத்துல, வீட்டுச் சுவர்ல இருந்து மதில் பக்கமா சரிவு குடுத்தாங்க, எட்டு அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம், டியூப் லெவல் வச்சுப் பாத்துப் பாத்து. அந்த வாட்டத்துல ரெண்டு வரிசையா 4 இஞ்ச் பிவிசி பைப்பு, ஓட்டை போட்டு, ஓட்டை அடிப்பக்கம் பாக்குற மாதிரி படுக்க வச்சாங்க. நான் மேல் பக்கம்தான ஓட்டை இருக்கணும்னு கேட்டேன், மேல இருந்தா மண்ணு இறங்கி அடைச்சுக்கும், கீழ இருந்தா தண்ணி ஏறி வந்து உள்ள போவும்னு ஓனர் விளக்கினாரு. பைப்பு போய்ச் சேர்றது எங்க மழைநீர்ச் சேகரிப்புக் குழியில. 2003ல கட்டாயம் ஆக்கினப்போ எங்க மாமனார் போட்ட குழி, பாதி தூந்து கிடந்துச்சு, அதையும் இவங்களே தூர்வாரி அடியில புது ஜல்லி போட்டாங்க. பைப்பச் சுத்தியும் மேலயும் ஒன்றரை இஞ்ச் ஜல்லியும் உடைஞ்ச செங்கல்லும் அரை அடிக்கு, அதுக்கு மேல ஜியோ டெக்ஸ்டைல் துணி, தண்ணிய விட்டு மண்ண மட்டும் நிறுத்துற துணி. அதுக்கு மேலதான் மண்ணு.

மண்ணுக்கு கேப்பர் மலை பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, கழுவின எம் சாண்ட் (கல்ல உடைச்சுப் பண்ற மணல்) ரெண்டு பங்கு, மட்கின தொழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. கழுவினதுன்னு சொல்றது முக்கியம். எம் சாண்ட்ல கல்லுத்தூள் நிறைய கலந்து வருது, அப்படியே போட்டா முதல் மழையிலயே இறுகி சிமெண்ட்டுத் தரை மாதிரி ஆயிடும். பசங்க ரெண்டு பேர் தொட்டியில கொட்டி தண்ணி விட்டு அலசிக்கிட்டே இருந்தாங்க, பால் மாதிரி வெளுப்பா தண்ணி ஓடி வர்றது நின்ன பிறகுதான் அள்ளினாங்க. நான் கூடவே நின்னு பாத்தேன். இந்த மாதிரி யாரும் பாக்காத எடத்துல ஒருத்தர் ஒழுங்கா வேலை செய்யறத பாக்கறப்போ மனசுக்கு அவ்ளோ நிறைவா இருந்துச்சு. எல்லாம் சேர்ந்து தரைமட்டத்துல இருந்து மேடு ஒன்றரை அடி உயரம் வந்துச்சு.

அப்புறம் கல்லு. செஞ்சி பக்கத்துல இருந்து வந்தது, டிப்பர்ல, நடைச்சீட்டோட, அதாவது குவாரிக் கல்ல ரோட்டுல ஏத்திட்டு வர்றதுக்கான அனுமதிச் சீட்டு. சீட்டு என்கிட்ட காட்டினாங்க, நீங்களும் கேட்டு வாங்கிப் பாருங்க, அது இல்லாம வர்ற லோடு நடு ரோட்டுல மாட்டினா நமக்கும் சேர்த்து தலைவலி. கருங்கல் ஒரு கன அடி 75 கிலோ வரும், எங்க வீட்டுக்கு வந்த பெரிய கல்லு ஒன்னொன்னும் 300, 400 கிலோ தேறும். எங்க சந்து மூணரை அடி அகலம், ஜேசிபி உள்ள வராது. அதனால முழுக்க ஆள் வேலை. சந்துல பலகை போட்டு, பலகை மேல இரும்பு பைப்ப உருளையா வச்சு, முன்னாடி ரெண்டு பேர் கயிறு, பின்னாடி ரெண்டு பேர் கடப்பாரை. கொல்லைக்கு வந்ததும் மூணு கால் ஸ்டாண்டு நிறுத்தி செயின் பிளாக்ல (சங்கிலிக் கப்பி) தூக்கி இறக்கினாங்க.

மேஸ்திரி ஒவ்வொரு கல்லயும் செயின்ல தொங்கவிட்டே சுத்தி வந்து பாப்பாரு. வெயிலும் மழையும் பட்டு கருத்து, பாசி காஞ்ச பக்கம் ஒன்னு இருக்கும், குவாரியில வெடி வைக்கத் தமர் போட்ட ஓட்டையோட வெளுத்துப் போன பக்கம் ஒன்னு இருக்கும். கருத்த பக்கம் மேல, தமர் பக்கம் மண்ணுக்குள்ள. எல்லாக் கல்லுலயும் கருப்பு வரி எந்தப் பக்கமா ஓடுதோ அது ஒரே திசையில சாஞ்சிருக்கற மாதிரி வச்சாரு, கையால தடவிப் பாத்து "இன்னும் கொஞ்சம் கெழக்க"ன்னு சொல்வாரு, பசங்க கடப்பாரையில நெம்புவாங்க, மறுபடி தடவுவாரு. ஒவ்வொரு கல்லும் மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போச்சு, கொஞ்சம் பின்பக்கமா சாஞ்சாப்ல, அப்பதான் மேல விழற மழை கல்லு வழியா வழிஞ்சு உள்ள வேர் பக்கம் போகும். காசு குடுத்து வாங்கின கல்ல புதைக்கறாங்களேன்னு என் வீட்டுக்காரர் ஆதங்கப்பட்டாரு. ஆனா வச்சு முடிச்சப்புறம் பாத்தா, அந்தப் பாறை மேலதான் எங்க வீட்டக் கட்டின மாதிரி, காலங்காலமா அங்கேயே இருந்த மாதிரி உக்காந்திருந்துச்சு. சும்மா மேல வச்ச கல்லு எத்தன வருஷம் ஆனாலும் லாரியில இருந்து இறக்கிப் போட்டதாவே தெரியும், தெருவுல சில வீட்டு முன்னாடி பாக்கறீங்கல்ல.

எல்லாரும் கேக்கற கேள்வி, பாம்பு வராதா. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல பொந்து விட்டா வரும், எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும், தேளும் தங்கும். இவங்க ஒவ்வொரு இடுக்கையும் முக்கா இஞ்ச் ஜல்லியும் மண்ணும் போட்டு கம்பியால குத்திக் குத்தி நிரப்பினாங்க, கை விரல் கூட உள்ள போகாது. எங்க தெருவுல பாம்பு நடமாட்டம் உண்டு, ஆனா இதுவரைக்கும் இந்தக் கல்லு பக்கம் ஒன்னும் பாக்கல. இருட்டின பிறகு அங்க போகணும்னா டார்ச் இல்லாம போறதில்ல, அது எந்தத் தோட்டத்துக்கும் பொதுதான்.

செடி விஷயத்துல அத்தைக்கும் ஓனருக்கும் கொஞ்சம் பேச்சு நடந்துச்சு. முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாதுன்னு அத்தை உறுதியா இருந்தாங்க, கனமான கல்லு கன்னி மூலையிலதான் வரணும்னும் சொன்னாங்க. ஓனர் மறுத்தே பேசல. பெரிய கல்லு மூணும் தென்மேற்குல, சரி அம்மா. முள்ளு வச்ச கிறிஸ்து முள் செடி ரெண்டே ரெண்டு, மதில் ஓரமா, வாசக்கால்ல இருந்து பாத்தா தெரியாத பக்கம். அதுக்குப் பதிலா அத்தை கேட்ட பிரண்டைய ஒரு கல்லு மேல ஏத்தி விட்டாரு, சோத்துக் கத்தாழை ஒரு கொத்து, மருள் (ஸ்நேக் பிளான்ட் வகை) ஒரு வரிசை. பிரண்டை இப்ப கல்ல முழுசா தழுவிக்கிச்சு, மாசத்துக்கு ரெண்டு தடவை துவையலுக்கு ஆகுது, அத்தைக்கு இப்ப தோட்டத்து மேல தனிப் பாசம். மேட்டோட உச்சியில அடினியம், சரிவுல நித்யகல்யாணியும் டேபிள் ரோஸும், கீழ்ப் பக்கம் ஈரம் கொஞ்சம் தங்கற எடத்துல ரெயின் லில்லி. மழை பேஞ்ச ரெண்டாவது மூணாவது நாள் லில்லி மொத்தமா பூத்து நிக்கும் பாருங்க, அதுக்காகவே போடலாம். அடினியம் பால் விஷம், கிறிஸ்து முள் பாலும் கண்ணுல பட்டா ஆகாது, சின்னப் பசங்க இருக்க வீட்ல இத கவனிச்சுக்கங்க.

உருண்டைக் கள்ளி, அந்த தங்க நிற முள்ளோட பந்து மாதிரி இருக்குமே, அது வேணும்னு நான் ஆசையா கேட்டேன். "நம்ம ஊர் கார்த்திகை மழையில வெட்டவெளியில நிக்காதும்மா, தொட்டியில வச்சுக்கங்க, மழைக்கு உள்ள எடுத்துடுங்க"ன்னு சொல்லி விக்கவே மாட்டேன்னுட்டாரு தரையில நடறதுக்கு. விக்க வந்தவரே வேணாம்னு சொல்றது எனக்குப் பெருசா பட்டுச்சு. தொட்டியில வச்சது இன்னும் நல்லா இருக்கு.

வெயில் பத்தி ஒரு விஷயம், யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் அந்தக் கல்லத் தொட முடியாது, ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட சூடு வீசும். இவங்க பெட்ரூம் சுவர்ல இருந்து எட்டு அடி தள்ளி வச்சதால எங்களுக்குப் பிரச்சனை இல்ல. சுவர் ஓரமா போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கிடாதீங்க, ராத்திரி ரூம் அடுப்பா இருக்கும். மருளும் கத்தாழையும் கல்லுக்குக் கிழக்கால நட்டாங்க, மத்தியானத்துக்கு மேல கல்லு நிழல் அதுங்க மேல விழும். மேற்கால நட்ட ஒரு கத்தாழை மட்டும் சிவந்து சுருங்கிச்சு, இடம் மாத்தினப்புறம் தேறிடுச்சு.

வேலை நடந்தது 2024 தை மாசம். நிஜப் பரீட்சை அந்த வருஷமே வந்துச்சு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு, பாண்டியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. அதோட விட்டுச்சா, சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து நம்ம ஊர் ஆத்தோரம் எல்லாம் மூழ்குச்சு. எத்தனையோ குடும்பம் வீடு வாசல் சாமான் எல்லாம் இழந்து நின்னாங்க, அதுக்கு முன்னாடி எங்க செடியப் பத்திப் பேசறதுக்கே ஒரு மாதிரி இருக்கு. ஆனா ரிவ்யூன்னா இதையும் சொல்லணும். எங்க கொல்லையில தண்ணி கணுக்காலுக்கு மேல நின்னுச்சு, மேடு மட்டும் தீவு மாதிரி தெரிஞ்சுச்சு. குழி நிரம்பி இருந்ததால பைப்பு அன்னிக்கு வேலை செய்யல, எந்தப் பைப்பும் செஞ்சிருக்காது. ஆனா தெருவுல தண்ணி வடிஞ்சதும் மேட்டுக்குள்ள இருந்த தண்ணியும் கூடவே வடிஞ்சுடுச்சு, அடுத்த நாள் மண்ண விரலால குத்திப் பாத்தா ஈரமா உதிரியா இருந்துச்சு, சேறா இல்ல. கல்லு ஒன்னு கூட அசையல. உச்சியில இருந்த அடினியம் எல்லாம் பொழச்சுது, கீழ் ஓரத்துல நட்டிருந்த ரெண்டு அடித்தண்டு மெத்துன்னு ஆகி அழுகிடுச்சு. அந்த ரெண்ட அங்க நட்டிருக்கவே கூடாது, அது அவங்க தப்புதான், சொன்னதும் பாதி விலைக்கு வேற குடுத்தாங்க. முழுசா ஃப்ரீயா குடுத்திருக்கணும்னுதான் நான் இன்னும் நினைக்கறேன்.

மத்த குறை. பெரிய குறை கோரைப் புல்லு. மேல்மண்ண எடுத்தப்போ கோரைக் கிழங்க சலிச்சு எடுக்கல, துணி போட்டா வராதுன்னாங்க. கோரை துணியக் குத்திக்கிட்டு வரும், வந்துச்சு. இப்ப நானும் வேலைக்கு வர்ற அக்காவும் உக்காந்து உக்காந்து பிடுங்கறோம், கிழங்கோட வந்தாதான் உண்டு. நீங்க பேசறப்போ கோரைக் கிழங்கு எடுக்கறதையும் வேலையில சேர்த்து எழுதி வாங்கிடுங்க. ரெண்டாவது, ஓரத்துக்குப் பழுப்பு நிற ஆத்துக் கூழாங்கல்னு பேசிட்டு, ஸ்டாக் இல்லன்னு வெள்ள மார்பிள் சிப்ஸ் இறக்கிட்டாங்க. மழையில பச்சையா பாசி ஏறிடுச்சு, வெயில்ல கண்ணு கூசுது, மார்பிள் சுண்ணாம்பு வகை வேற, மண்ணுல காரம் ஏறும். சண்டை போட்டு பாதிய மாத்த வச்சோம்.

பில்லு. முதல்ல 1,15,000 சொன்னாங்க, முடிஞ்சப்போ 1,32,000. வித்தியாசம் எதுக்குன்னு பாத்தா, எடுத்த மண்ண வெளிய கொண்டு போற டிராக்டர் கூலி, சந்துல கல்லு நகர்த்தின எக்ஸ்ட்ரா ஆள் கூலி. ரெண்டும் நியாயமான செலவுதான், ஆனா சந்து மூணரை அடின்னு முதல் நாளே அவங்களுக்குத் தெரியும், அப்பவே சேர்த்து சொல்லியிருக்கணும். சந்துல சுவர் பூச்சு ரெண்டு எடத்துல கல்லு இடிச்சுப் பேந்துச்சு, அத அவங்களே பூசிக் குடுத்தாங்க, காசு கேக்கல. பணம் முழுசா செட்டில் பண்ணினப்புறம் ஓனர் போன் எடுக்கறது குறைஞ்சு போச்சு, மேஸ்திரி நம்பர் வாங்கி வச்சிருந்ததால சமாளிச்சோம். பத்து பர்சன்ட் பணத்த ஒரு மழை தாண்டித் தரேன்னு முன்னாடியே பேசி நிறுத்தி வைங்க, ஒத்துக்குவாங்க, எங்க தெருவுல அடுத்து செஞ்ச வீட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க.

போடறதா இருந்தா தையிலயோ மாசியிலயோ போடுங்க. வெயிலுக்குள்ள வேர் பிடிச்சுக்கும், மழை வர்றதுக்குள்ள மண்ணு அமுங்கி எங்க இறங்குதுன்னு தெரிஞ்சு நிரப்பிக்கலாம். புரட்டாசிக்கு மேல இவங்களும் வேலை எடுக்கறதில்ல. பொங்கலுக்கு முன்னாடியே போய் நர்சரியில பேசி தேதி வாங்கிடுங்க, போறப்போ ஓனர விட மேஸ்திரி இருக்காரான்னு கேட்டுட்டுப் போங்க.